டூட்டி சார்ட்டுக்கு கூகுள் ஷீட்ஸ்: வீக் ஆஃபைக் காப்பாற்றுமா?

பெங்களூரில் 40 முதல் 80 பேர் வேலை பார்க்கும் ஓட்டல்களில், யாருக்கு எந்த நாள் எந்த நேர வேலை, எந்த நாள் ஆஃப் என்று சொல்லும் டூட்டி சார்ட் பெரும்பாலும் மூன்று வழியில்தான் ஊழியர் கைக்கு வருகிறது. வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸின் பலகையில் ஒட்டிய தாள், வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் போட்டோ, இரண்டும் இல்லாவிட்டால் சூப்பர்வைசரின் வாய். நான்காவதாக கூகுள் ஷீட்ஸ் மெல்ல உள்ளே வந்துகொண்டிருக்கிறது. காசு கிடையாது, எந்தப் போனிலும் திறக்கும், எக்ஸெல் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. இங்கே அதை டூட்டி சார்ட் போடும் கருவியாக மட்டும் எடைபோடுகிறோம்.

எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். ஓட்டல் வேலையில் வீட்டுக்கு நேரம் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். 1961-ம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது. இந்தக் கணக்கை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஓட்டலிலும் ஆட்கள் நிற்பதில்லை. அடுத்த வியாழன் ஆஃப் என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்தவர் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவார், பிள்ளையின் பள்ளிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார். புதன் ராத்திரி 10 மணிக்குத் தெரிந்துகொள்பவருக்கு அதே ஆஃப் துணி துவைக்கவும் தூங்கவும்தான் ஆகும். ஆஃப் எத்தனை நாள் முன்னால் தெரிகிறது, தெரிந்த ஆஃப் எத்தனை தடவை மாறுகிறது: இந்த இரண்டும்தான் நம் படிக்கல்.

முதலில் பழைய வழிகள். பலகைத் தாளைக் குறைத்துப் பேசக் கூடாது. திருத்தினால் ஒயிட்னர் தெரியும், கையெழுத்து தெரியும். அதன் குறை ஒன்றுதான்: இன்று ஆஃபில் இருப்பவர் நாளைய மாற்றத்தை வந்து பார்க்க முடியாது. வாட்ஸ்அப் அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று வந்து பெரிய குறையைக் கொண்டுவந்தது. திங்கள் காலை ஒரு போட்டோ, செவ்வாய் மாலை திருத்திய போட்டோ, புதன் இரவு "தம்பி, நாளைக்குக் காலைல வந்துடு, ஆள் இல்ல" என்று ஒரு வரி. எது கடைசிச் சார்ட் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று போட்டோவைக் காட்டுவார்கள். நீல டிக் விழுந்துவிட்டால் "பாத்தீங்கல்ல, ஏன் வரல?" என்ற கேள்வியும் உண்டு. ஆஃபில் இருக்கும் ஆளும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஷீட்ஸ் ஜெயிக்கும் இடம் இதுவே. லிங்க் ஒன்று, சார்ட் ஒன்று. யார் எப்போது திறந்தாலும் கடைசி நிலைதான் தெரியும். யார் மாற்றினார் என்பதும் பதிவாகிறது. கணினியில் ஒரு கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்று கேட்டால், அந்தக் கட்டத்தில் முன்பு என்ன இருந்தது, எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மணிக்கு மாறியது என்று வரிசையாகக் காட்டும். "உன் ஆஃப் சனிக்கிழமைதான், நீதான் தப்பாப் பாத்த" என்ற பழைய சண்டை அதோடு முடிகிறது. சார்ட்டை வெளியிடும் நாளில், ஃபைலின் பழைய நிலைகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் போய் அந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து வைக்க வேண்டும். 'ஜூன் 2 வெளியீடு' என்பதுபோல. அந்த மாதத்தில் எத்தனை ஆஃப் மாறியது என்று பின்னால் எண்ணிப் பார்க்க இது ஒன்றுதான் வழி. எண்ணிப் பார்க்கும் ஓட்டல்கள் குறைவு.

போடும் முறைக்கு வருவோம், ஏனென்றால் கெட்டுப்போவது இங்கேதான். ஒரே ஃபைலில் நான்கு டேப். முதலாவது ஆள் பட்டியல்: ஊழியர் எண், பெயர், பிரிவு, இருக்கும் ஏரியா, சொந்த வண்டி உண்டா. இரண்டாவது சார்ட். மூன்றாவது விடுப்புக் கேட்பு. நான்காவது காம்ப் ஆஃப் கடன், அதாவது ஆஃபில் வேலை பார்த்ததற்கு ஈடாக யாருக்கு எத்தனை நாள் ஆஃப் ஓட்டல் பாக்கி. சார்ட்டில் முதல் இரண்டு வரி தேதியும் கிழமையும். முதல் இரண்டு பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் வரிசை) ஊழியர் எண்ணும் பெயரும். பிறகு 28 நாட்கள். இந்த இரண்டு வரியையும் இரண்டு பத்தியையும், திரையை நகர்த்தினாலும் நகராமல் நிற்கும்படி, ஃப்ரீஸ் செய்ய வேண்டும். ஆசைப்பட்டு பதவி, பிரிவு எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பத்தியை ஃப்ரீஸ் செய்தால் கணினியில் அழகாக இருக்கும். ஆறு அங்குலப் போனில் திறக்கும்போது ஃப்ரீஸ் ஆன பகுதியே திரையை அடைத்துக்கொள்ளும், 15-ம் தேதியை எட்டிப் பார்க்கவே முடியாது. சார்ட்டைப் பார்ப்பவரில் பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள் என்பதைச் சார்ட் போடுபவர் மறந்துவிடுகிறார்.

டூட்டிக்கு எழுத்துகள் ஓட்டலில் வழக்கமாக இருப்பவையே போதும்: எம் (M) காலை 7 முதல் 4, ஏ (A) மதியம் 2 முதல் 11, என் (N) இரவு 11 முதல் 7, ஜி (G) ஜெனரல், பி (B) நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக வரும் பிரேக் டூட்டி, டபிள்யூஓ (WO) வீக் ஆஃப், சிஓ (CO) காம்ப் ஆஃப். தமிழில் போட்டால் நமக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிச்சனில் பாதி அசாம், ஒடிசா, நேபாளம். எல்லாரும் படிக்கும் எழுத்தே நியாயம். இந்த எழுத்துகளைக் கையால் அடிக்க விடக் கூடாது. டேட்டா வேலிடேஷனில் டிராப்டவுன் வைத்து, பட்டியலில் இல்லாததை ஏற்காதபடி 'ரிஜெக்ட்' என்று வைக்க வேண்டும். டபிள்யூஓ-வுக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு எழுத்து எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம் அதை எண்ணாது. அந்த ஒரு இடைவெளியால் நான்கு பேர் ஆஃப் என்று இருக்கும் நாளில் மூன்று என்று காட்டும், நிம்மதியாக இன்னொருவருக்கும் ஆஃப் கொடுத்துவிடுவார்கள், காலையில் ஆள் குறையும், யாருடைய ஆஃபோ கேன்சல் ஆகும்.

நிறத்தை நம்பிச் சார்ட் போடுவது இதைவிட மோசம். ஆஃபுக்கு மஞ்சள், லீவுக்குப் பச்சை என்று கையால் நிறம் அடித்தால், ஷீட்ஸின் எண்ணும் சூத்திரங்களுக்கு நிறம் தெரியாது. எழுத்தைப் போட்டு, எழுத்தைப் பார்த்து நிறம் தானாக மாறும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வைப்பதே முறை. அதிலும் ஒரு பொறி உண்டு. ஒருவருடைய வாரத்தைக் காப்பி செய்து இன்னொருவருக்கு பேஸ்ட் செய்தால் நிற விதியும் சேர்ந்து ஒட்டும். ஒரு மாதத்தில் விதிப் பட்டியல் துண்டு துண்டாக உடைந்து, எந்த விதி எந்தக் கட்டத்துக்கு என்றே தெரியாமல் போகும். பேஸ்ட் செய்யும்போது மதிப்பை மட்டும் ஒட்டும் வழியைப் பழகிக்கொள்வது நல்லது. கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி.

தேதி தனி வம்பு. ஃபைலின் லொக்கேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு, அமெரிக்காவாக இருந்தால் 3/4 என்று அடித்ததை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஃபைல், செட்டிங்ஸில் போய் இந்தியா என்று மாற்றிவிட்டே முதல் தேதியை அடிக்க வேண்டும். இரவு டூட்டிக்கு மணிக்கணக்கு போடுபவர்கள் இன்னொன்றிலும் மாட்டுவார்கள். 11-க்கு வந்து 7-க்குப் போனவருக்குக் கழித்துப் பார்த்தால் மைனஸில் வரும், ஏனென்றால் நள்ளிரவைத் தாண்டியது ஷீட்டுக்குத் தெரியாது. கழித்ததை மீதி காணும் மாட் (MOD) சூத்திரத்தில் போட்டு 1-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் 8 மணி நேரம் சரியாக வரும். கட்டங்களை மெர்ஜ் செய்வதையும், அதாவது பலவற்றை ஒன்றாக இணைப்பதையும், விட்டுவிட வேண்டும். தலைப்பு அழகாக இருக்கும், ஃபில்டர் போடும்போது அடம்பிடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆஃப் கேன்சல் ஆகிறது என்றால், ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் கணக்கே பொய். இதை ஷீட்ஸ் அம்பலப்படுத்துவதுபோல் தாள் அம்பலப்படுத்தாது. 24 மணி நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டிய ஒரு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள், ரிசப்ஷன் என்று வைப்போம். நாளுக்கு 3 டூட்டி, வருஷத்துக்கு 1,095. ஒரு ஆள் வருஷத்தில் 52 வீக் ஆஃப் போக 313 நாள். அதில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 15, நோய் விடுப்பு 12, தேசிய, பண்டிகை விடுமுறை 10 என்று வைத்தால் மிச்சம் 276. 1,095-ஐ 276-ஆல் வகுத்தால் 3.97. அந்த ஒரு மேசைக்கே 4 பேர் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று நடத்தும் இடத்தில் அட்ஜஸ்ட் ஆவது அந்த மூன்று பேரின் வீடு. நான்காவது ஆளின் சம்பளம் மிச்சமாவதாக முதலாளி நினைக்கிறார். டபுள் டூட்டிக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு புது ஆளைப் பழக்குவதற்கும் அது போய்விடுகிறது.

சார்ட்டின் அடியில் ஒவ்வொரு தேதிக்கும் 'தேவை', 'இருப்பு' என்று இரண்டு வரி வைப்பது இதற்காகத்தான். ஹவுஸ்கீப்பிங்குக்கு 80 அறை ஓட்டல், 60 அறை நிறைவு, ஆளுக்கு 15 அறை என்றால் காலை டூட்டிக்கு 4 பேர் தேவை. செக் அவுட் அதிகமான நாளில் ஆளுக்கு 12-க்கு மேல் தாங்காது, அப்போது 5. இருப்பு வரியை கவுண்ட்இஃப் நிரப்பும். இருப்பு தேவைக்குக் கீழே போனால் சிவப்பு. ஒயிட்ஃபீல்டு, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஐ.டி. கம்பெனி விருந்தாளிகளை நம்பி நடக்கும் ஓட்டல்களில் இந்த வரியைப் பார்த்தால் ஒரு உண்மை தெரியும்: திங்கள் முதல் வியாழன் வரை நெருக்கடி, வெள்ளி மதியத்துக்கு மேல் அறைகள் காலி. ஓட்டல் வேலை என்றால் ஞாயிறு ஆஃப் கிடைக்காது என்ற பேச்சு அங்கே ரிசப்ஷனுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் பொருந்தவே பொருந்தாது. பழக்கத்தால் செவ்வாயில் ஆஃப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரெஸ்டாரன்ட் பக்கம் நேர்மாறு, வெள்ளி முதல் ஞாயிறு வரை கை விட முடியாது.

28 நாள் சார்ட் என்று மேலே சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஊர் சேலம், தர்மபுரி, திருப்பத்தூர் என்று இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு நாள் ஆஃப் எதற்கும் காணாது. போக மூன்று முதல் ஐந்து மணி நேரம், வரவும் அவ்வளவு, அம்மா கையால் இரண்டு வேளைச் சாப்பாடு, முடிந்தது. கூடுதல் லீவு ஒன்றும் கொடுக்காமலே மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும்படி போடலாம். வாரம் திங்களில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, ஒருவருக்கு முதல் வாரம் திங்கள், இரண்டாம் வாரம் புதன், மூன்றாம் வாரம் வெள்ளி, நான்காம் வாரம் ஞாயிறு ஆஃப் கொடுங்கள். நான்காம் வார ஞாயிறும் அடுத்த சுற்றின் முதல் திங்களும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வாரமும் ஒரு ஆஃப் இருக்கிறது. இடையில் தொடர்ந்து வேலை செய்வது எப்போதும் 8 நாள்தான், அதற்கு மேல் போகாது. அந்தச் சனிக்கிழமை எம் டூட்டியும் செவ்வாய்க்கிழமை ஏ டூட்டியும் போட்டுவிட்டால், சனி மாலை 4 முதல் செவ்வாய் மதியம் 2 வரை 70 மணி நேரம் கையில்.

இதே சுற்றை நான்கு பேருக்கு ஒரு வாரம் தள்ளித் தள்ளித் தொடங்கினால் எந்த நாளிலும் இரண்டு பேர் ஒன்றாக ஆஃப் போக மாட்டார்கள். அந்த நால்வரும் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறை எடுத்துக்கொள்வதால் மீதி மூன்று பேருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஆக ஏழு பேர் உள்ள பிரிவில் தினமும் ஆறு பேர் டூட்டியில். அடுத்த 28 நாளில் அந்த மூவர் நால்வர் வரிசைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். மாறும் முதல் வாரத்தில் யாருக்கும் ஆஃப் இடைவெளி நீண்டுவிடாமல் ஒரு தடவை கண்ணால் சரிபார்க்கவும். எட்டு நாள் தொடர்வது சிலருக்கு ஒத்துவராது. உள்ளூரில் குடும்பத்தோடு இருப்பவர், அல்சூரிலோ விவேக் நகரிலோ வீடு உள்ளவர், மாறாத ஒரே கிழமையைத்தான் கேட்பார். அவரை இந்தச் சுற்றில் இழுக்க வேண்டாம், மூவர் வரிசையிலேயே விட்டுவிடுங்கள். ஆள் பட்டியல் டேபில் ஏரியா எழுதியது இதற்கும் உதவும்.

அடுத்து, சிவப்பு விதிகள். சார்ட்டில் கண்டிப்பாக இருக்க வேண்டியது, இன்று ஏ, நாளை எம் என்று வந்தால் கட்டம் சிவப்பாவது. தாளில் இது ஒரு சின்ன எழுத்து மாற்றம். ஆள் உடம்பில் இப்படி: 11 மணிக்கு டூட்டி முடிகிறது, ஹேண்ட் ஓவர் கொடுத்து உடை மாற்ற 11:25, கேப்பில் வீடு சேர 12:15, கை கால் கழுவிச் சாப்பிட்டுப் படுக்க 1 மணி. காலை 5:15-க்கு எழுந்தால்தான் 6:50 பிரீஃபிங்குக்கு நிற்க முடியும். நாலே கால் மணி நேரத் தூக்கம், அதுவும் கேப் உடனே கிடைத்தால். இந்த விதியை எழுதும்போது சார்ட்டின் முதல் டூட்டி கட்டத்துக்குத்தான் எழுத வேண்டும், கட்டத்தின் முகவரியில் (சி3 போன்றதில்) எழுத்துக்கோ எண்ணுக்கோ முன்னால் டாலர் குறி போடக் கூடாது. போட்டால் எல்லாக் கட்டமும் அந்த முதல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்றும் சிவக்காது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது விதி இரவு டூட்டியை ஒட்டிய ஆஃப். சனிக்கிழமைக் கட்டத்தில் என், ஞாயிறு டபிள்யூஓ, திங்கள் எம். பார்க்க ஒரு முழு ஆஃப். நடப்பில் ஞாயிறு காலை 7 மணிக்குத்தான் அவர் வெளியே வருகிறார், மதியம் வரை தூங்குகிறார், மறுநாள் 7-க்கு மறுபடி நிற்கிறார். 24 மணி நேரத்தை ஆஃப் என்று எழுதிக் கணக்கு முடித்தாகிவிட்டது. திங்களை ஏ என்று மாற்றினால் 31 மணி நேரம் ஆகும். குறைந்தபட்சம் அதுவாவது செய்ய வேண்டும். டூட்டி மாறும் திசையும் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போவது உடம்புக்கு எளிது. இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கி இழுத்தால் தூக்கம் சீக்கிரம் கெடும்.

பிரேக் டூட்டிக்கும் ஒரு விதி வைக்கலாம். 11 முதல் 3, பிறகு 7 முதல் 11 என்றால் வேலை 8 மணி நேரம்தான், ஆனால் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையே சரியாக 12. மேலே சொன்ன சட்டம் அனுமதிக்கும் எல்லையும் அந்த 12-தான். கடைசி டேபிள் எழாமல் 11:30 ஆனால் எல்லை தாண்டியாகிவிட்டது. நடுவில் கிடைக்கும் 4 மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர முடிகிறவர் பக்கத்துத் தெருவில் இருப்பவர் மட்டுமே. மற்றவருக்கு அது லாக்கர் ரூம் பெஞ்சில் கழியும் நேரம். ஏரியா பத்தியைப் பார்த்து, பி எழுத்தைத் தூரத்து ஆட்களுக்குப் போடாமல் இருப்பது சார்ட் போடுபவர் கையில்தான் உள்ளது.

நம்ம மெட்ரோவைச் சார்ட்டுக்குள் கொண்டுவராவிட்டால் பெங்களூரில் எந்தச் சார்ட்டும் முழுமையாகாது. கடைசி ரயில்கள் முனையங்களிலிருந்து இரவு 11-ஐ ஒட்டிக் கிளம்புகின்றன. 11-க்கு முடியும் ஏ டூட்டிக்காரருக்கு உடை மாற்றும் நேரத்திலேயே ரயில் பல நிலையங்களில் போய்விடும். ஏ டூட்டியை 1 முதல் 10 என்று ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து, கடைசி ஒரு மணி நேரத்துக்கு இரவு ஆளை 10-க்கே வரச் சொன்னால் பாதிப் பேர் மெட்ரோவிலேயே வீடு போய்ச் சேருவார்கள், கேப் செலவும் குறையும். இரவு ஆளின் நேரமும் 10 முதல் 6 என்று நகர வேண்டும், காலை ஆள் 6-க்கு வர வேண்டும். ஒன்றை இழுத்தால் மூன்றும் நகரும் என்பதால்தான் பலரும் தொட மாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ 7 மணிக்குத்தான் தொடங்குகிறது. அன்றைக்குக் காலை டூட்டியைச் சொந்த வண்டி உள்ளவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் போட வேண்டும். இதற்கு ஷீட்ஸில் தானியங்கி வழி ஒன்றும் வேண்டாம், வண்டி பத்தியில் ஃபில்டர் போட்டாலே தெரியும். ஒரு எச்சரிக்கை: பொது ஃபில்டர் போட்டால் அதே நேரத்தில் திறந்திருக்கும் மற்றவர் திரையிலும் வரிசைகள் மறையும், "என் பெயரையே எடுத்துட்டாங்க" என்று போன் வரும். ஃபில்டர் வியூ என்று தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும்.

பொங்கல், தீபாவளிக் கேட்பு மூன்றாவது டேபில். இங்கே ஓட்டலின் பண்டிகைப் பட்டியலில் சங்கராந்திக்கு ஒரு நாள் இருக்கும். நம் ஆட்களுக்கு அது போகி முதல் காணும் பொங்கல் வரை. எல்லாரும் ஒரே நாளைக் கேட்பார்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 13 ஊருக்குப் போக வேண்டியவர் நவம்பர் நடுவில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஓட்டல் டிசம்பர் கடைசியில் "பார்க்கலாம்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. பண்டிகைக் கேட்பு டேபை 75 நாள் முன்னால் திறந்து, 65-ம் நாள் மூடி முடிவு சொல்லிவிட வேண்டும். பொங்கல் கிடைத்தவருக்குத் தீபாவளி டூட்டி, அடுத்த வருஷம் மாற்றி. போன வருஷம் யாருக்கு எது கிடைத்தது என்பது அதே டேபில் இருப்பதால் "அவருக்கு மட்டும் எப்பவும்" என்ற முணுமுணுப்புக்கு இடமில்லை. எலஹங்காவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி வரும்போது ஊர் முழுக்க அறை நிறையும். அந்த வாரத்தை விடுப்பு இல்லை என்று ஆறு மாதம் முன்பே அடைத்துவிட்டால் யாரும் கல்யாணத் தேதியைக் கொண்டுபோய் அங்கே வைக்க மாட்டார்கள்.

இனி குறைகள். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் போனுக்கு "உங்கள் டூட்டி மாறியது" என்று ஷீட்ஸ் தானாகச் சொல்லாது. ஆள் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஆகவே வாட்ஸ்அப்பை முழுக்க ஒழிக்க முடியாது. மாறிய கட்டம் யாருடையதோ அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே கட்டத்தை மாற்றுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆஃப்லைனில் வைத்திருப்பவர் பழைய சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பேஸ்மென்ட் லாக்கர் ரூமில் சிக்னல் இல்லாத ஓட்டல்களில் இது தினப்படி நடக்கும். கைரேகை வைத்து வருகை பதியும் பயோமெட்ரிக் கருவியோடு இது தானாகச் சேராது, ஓவர்டைம் கணக்கைச் சம்பள சாஃப்ட்வேருக்கு யாராவது உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். 100 பேரைத் தாண்டிய இடத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே ஆளுக்கு மாதக் கட்டணம் வாங்கும் ரோஸ்டர் (டூட்டி சார்ட்) செயலிக்குப் போய்விடலாம்.

அனுமதி விஷயத்தில் சோம்பேறித்தனம் ஆபத்து. லிங்க் உள்ள யாரும் திருத்தலாம் என்று விட்டால் ஒரு வாரத்தில் சார்ட் கந்தல். ஊழியர்களுக்குப் பார்வை மட்டும். சூப்பர்வைசருக்குத் தன் பிரிவின் வரிசைகள் மட்டும் திருத்தும்படி, மற்றதைப் பூட்டிவைக்கும் புரொடெக்ட் ரேஞ்ச். அதில் 'எச்சரிக்கை மட்டும் காட்டு' என்ற தேர்வு பூட்டு ஆகாது, ஓகே அழுத்தினால் திறந்துகொள்ளும். போன் நம்பர், நோய் விவரம், விடுப்புக்கான காரணம் எதையும் இந்த ஃபைலில் எழுத வேண்டாம், ஏனென்றால் பார்க்க மட்டும் அனுமதி உள்ளவரும் நகல் எடுக்கலாம். அதைத் தடுக்கும் தேர்வு பகிர்வு அமைப்பில் இருக்கிறது, தேடிப் போய் நிறுத்த வேண்டும். பெயரைத் தமிழில் ஒருவரும் ஆங்கிலத்தில் ஒருவரும் அடிப்பதால் ஏற்படும் குழப்பத்துக்கு ஊழியர் எண்ணை வைத்துத் தேடுவதே மருந்து.

மேனேஜரின் ஃபைலாக மட்டும் வைத்திருந்தால் இதில் பாதிப் பயன் போய்விடும். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் சொந்த ஜிமெயிலோடு சார்ட்டும் போகும், கடன் டேபில் இருக்கும் காம்ப் ஆஃப்களும் போகும். ஓட்டலின் பெயரில் ஒரு கணக்கு திறந்து அதில்தான் ஃபைலை உருவாக்க வேண்டும். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. இடம் இதற்கு எக்கச்சக்கம்.

தாளை விட்டுவிட வேண்டாம். டூட்டியில் போன் லாக்கரில் இருக்கும் ஓட்டல்களில் சார்ட் பலகையிலும் இருந்தாக வேண்டும். பிரிண்ட்டில் ஏ3, லேண்ட்ஸ்கேப், அகலத்துக்குப் பொருந்தும் அளவு, ஃப்ரீஸ் ஆன வரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் வரும் தேர்வு; அடியில் அச்சடித்த தேதியும் நேரமும். கடைசியில் கையெழுத்துக்கு ஒரு காலிப் பத்தி. பலகையில் பேனாவால் ஒரு மாற்றம் செய்தால், மாற்றப்பட்டவர் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதே மணியில் ஷீட்டிலும் மாற வேண்டும். கையெழுத்தில்லாத பேனாத் திருத்தம் செல்லாது என்று டைம் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், ஆஃபில் இருப்பவரின் கட்டத்தை யாரும் அவருக்குத் தெரியாமல் தொட முடியாது. கையெழுத்துப் போட அவர் அங்கே இருக்க மாட்டாரே.